‘பேர்ட் அண்ட் டிஸ்’: ஒரு சாக்ஸபோனும் ஒரு ட்ரம்பெட்டும் பேசிக்கொள்வதைக் கேட்பதற்கு முழுமையான வழிகாட்டி

1950ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி நியூயார்க்கில் ஐந்து ஜாஸ் கலைஞர்கள் ஒலிப்பதிவுக்காகக் கூடினார்கள். ஆல்டோ சாக்ஸபோன் சார்லி பார்க்கர், ட்ரம்பெட் டிஸ்ஸி கில்லெஸ்பி, பியானோ தெலோனியஸ் மங்க், பேஸ் (ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) கர்லி ரஸ்ஸல், ட்ரம்ஸ் பட்டி ரிச். தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ். அன்றைய ஒரே நாளில் பதிவான ஆறு உருப்படிகள் 1952இல் ஒரு பத்து அங்குல எல்பியில் வெளிவந்தன. பார்க்கரின் பட்டப்பெயர் ‘பேர்ட்’, அதாவது பறவை. கில்லெஸ்பியின் பெயர்ச்சுருக்கம் ‘டிஸ்’. தட்டின் பெயரும் அதுவே.

ஆறு உருப்படிகளையும் சேர்த்தால் இருபது நிமிடம்கூட வராது. ஆயினும் முதன்முறை கேட்கும் பலர் இந்த இருபது நிமிடத்தில் திணறிப்போகிறார்கள். வேகம் கூடுதலாக இருக்கிறது. எங்கே மெட்டு முடிந்து எங்கே மனோதர்மம் தொடங்குகிறது என்பது பிடிபடுவதில்லை. இரண்டு ஊதுகருவிகளும் ஒன்றோடொன்று பிணைந்து ஒலிக்கின்றன. நானும் முதல் பத்துத் தடவை இந்தத் தட்டைச் சாக்ஸபோனின் சாகசத்துக்காக மட்டுமே கேட்டேன். அது தவறான வழி என்று பிற்பாடுதான் உறைத்தது. தனி வாசிப்புகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தனி வாசிப்பில் பார்க்கர் இதைவிட உயரம் தொட்ட பதிவுகள் உண்டு. இந்தத் தட்டில் மட்டுமே கிடைக்கிற பொருள், பத்து வருடப் பழக்கமுள்ள இருவர் ஒரே மெட்டை ஒரே மூச்சாக ஊதுவதும், பிறகு ஒருவர் சொல்லை மற்றவர் எடுத்துத் திருப்பித் தருவதும்தான். கீழே வரும் படிகள் அந்த இடத்துக்குக் கூட்டிச்செல்வதற்காக வகுக்கப்பட்டவை. அவசரப்படாமல் ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் போதும்.

படி 1: எந்தப் பதிப்பைக் கேட்பது

அன்று பதிவானவை ஆறே உருப்படிகள்: ‘ப்ளூம்டிடோ’, ‘மை மெலன்கலி பேபி’, ‘ரிலாக்சின் வித் லீ’, ‘லீப் ஃப்ராக்’, ‘ஆன் ஆஸ்கர் ஃபார் ட்ரெட்வெல்’, ‘மோஹாக்’. பிற்காலக் குறுந்தகடுகளிலும் இணைய இசைச் சேவைகளிலும் இதே பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் இதைவிட நீளமானவை. ஒரே உருப்படியின் வெவ்வேறு டேக்குகளும் (ஒவ்வொரு முறை வாசித்துப் பதிவு செய்ததும் ஒரு டேக்), பாதியிலேயே நின்றுபோன முயற்சிகளும் அவற்றில் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருக்கும். முதல் எல்பி உட்படச் சில பதிப்புகளில் 1949இல் வேறு குழுக்களோடு பார்க்கர் பதிவு செய்த ‘பாஸ்போர்ட்’, ‘வீஸா’ ஆகியவையும் சேர்ந்திருக்கும். அவற்றில் கில்லெஸ்பி இல்லை.

ஆகவே முதல் வேலையாக, அசலான ஆறு டேக்குகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். ‘லீப் ஃப்ராக்’ ஐந்து முறை தொடர்ந்து ஓடினால் யாருக்கும் தலை சுற்றும். அந்த டேக்குகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், படி 8இல் அவற்றுக்குத்தான் முதல் மரியாதை.

இன்னொன்று: இது மோனோ ஒலிப்பதிவு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு சாக்ஸபோன் இடப்பக்கம், ட்ரம்பெட் வலப்பக்கம் என்று தேடினால் கிடைக்காது. எல்லாம் நடுவில் ஒரே இடத்திலிருந்துதான் வரும். குரலின் தன்மையை வைத்தே ஆளைப் பிரித்தறிய வேண்டும். வீட்டில் நடுத்தரமான ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் அதில் கேட்பதே நல்லது.

படி 2: இருவரும் அதற்கு முன் என்ன பேசியிருந்தார்கள்

பார்க்கர் 1920இல் கான்சஸ் மாநிலத்துக் கான்சஸ் சிட்டியில் பிறந்தவர். கில்லெஸ்பி 1917இல் தென் கரோலினாவின் சிரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். இருவரும் 1940இல் கான்சஸ் சிட்டியில் சந்தித்தார்கள். கில்லெஸ்பி அப்போது கேப் கேலவேயின் பெருங்குழுவோடு ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். 1943இல் எர்ல் ஹைன்ஸின் குழுவிலும், 1944இல் பில்லி எக்ஸ்டைனின் குழுவிலும் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து வாசித்தார்கள். ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற கிளப்பில் நள்ளிரவுக்குமேல் நடந்த கூடல்களில் பீபாப் என்னும் புதிய பாணி உருவாயிற்று. அங்கே நிலையப் பியானோக்காரராக இருந்தவர் மங்க்.

இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி தட்டில் ஏறவே இல்லை. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் முதல் ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்தது. பெரிய நிறுவனங்களோடு இணக்கம் ஏற்பட 1944 நவம்பர் வரை ஆயிற்று. எனவே 1945இல் பார்க்கரும் கில்லெஸ்பியும் சேர்ந்து பதிவு செய்த ‘க்ரூவின் ஹை’, ‘ஹாட் ஹவுஸ்’, ‘ஷா நஃப்’ ஆகியவை வெளியானபோது, விளைந்து முற்றிய பயிர் திடீரென்று சந்தைக்கு வந்ததுபோல் ஆயிற்று. நேற்றுவரை ஸ்விங் என்னும் முந்தைய ஜாஸ் பாணியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்றே விளங்கவில்லை.

‘பேர்ட் அண்ட் டிஸ்’ தட்டுக்குள் நுழைவதற்கு முன் ‘ஷா நஃப்’ ஒன்றை மட்டும் மூன்று முறை கேளுங்கள். இரண்டு இளைஞர்கள், எதையோ நிரூபித்தே தீரவேண்டும் என்ற வேகத்தோடு ஊதுகிறார்கள். பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1945 டிசம்பரில் இருவரும் ஹாலிவுட்டுக்குப் போய்ப் பில்லி பெர்க்ஸ் கிளப்பில் வாசித்தார்கள். கில்லெஸ்பி நியூயார்க் திரும்பிவிட்டார். பார்க்கர் அங்கேயே தங்கி, போதைப்பழக்கத்தால் உடல்நிலையும் மனநிலையும் குலைந்து, கமரில்லோ அரசு மருத்துவமனையில் ஆறு மாதம் இருக்க நேர்ந்தது. அதன்பின் ஒருவர் சிறுகுழு, மற்றவர் பெருங்குழு என்று பாதைகள் பிரிந்தன. 1950இல் கில்லெஸ்பியின் பெருங்குழு கலைந்தது. பார்க்கரோ வயலின்களின் பக்கவாத்தியத்தோடு வெளியிட்ட தட்டின் மூலம் பொதுமக்களிடமும் பெயர் பெற்றிருந்தார். அவர் பெயரிலேயே பேர்ட்லேண்ட் என்ற கிளப் 1949 டிசம்பரில் திறக்கப்பட்டிருந்தது. இந்த நிலையில்தான் கிரான்ஸ் இருவரையும் மறுபடி ஒரே ஒலிவாங்கியின் முன் நிறுத்தினார். ‘ஷா நஃப்’ கேட்டுவிட்டு ‘மோஹாக்’ கேட்டால், நிரூபிக்க எதுவும் மிச்சமில்லாதவர்களின் பேச்சு எப்படி இருக்கும் என்பது தெரியும்.

படி 3: இரண்டு குரல்களைப் பிரித்தறிதல்

சாக்ஸபோனின் உடல் பித்தளை என்றாலும் அதன் ஒலி பிறப்பது சீவாளியில்தான். நாகஸ்வரத்துக்கு இரட்டைச் சீவாளி, சாக்ஸபோனுக்கு ஒற்றை, இரண்டும் நாணல். ட்ரம்பெட்டில் சீவாளியே கிடையாது. ஊதுபவரின் உதடுகள்தான் அதிர்கின்றன. நம் ஊர்க் கொம்பும் எக்காளமும் எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் காது தானாகப் பிரிக்கத் தொடங்கும். பார்க்கரின் ஒலி ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும். சொல்லின் நடுவே தொண்டை இறுகுவதுபோல ஒரு கரகரப்பு வரும். கில்லெஸ்பியின் ஒலிக்குத் தொடக்கத்திலேயே ஒரு வல்லின எழுத்து உண்டு, ‘த’ என்றோ ‘ட’ என்றோ நாக்கு தட்டுவது கேட்கும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இரண்டு கருவிகளின் ஸ்தாயியும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிகிறது. ஆல்டோ எட்டுகிற உயரத்தை ட்ரம்பெட்டும் எட்டும். இதோடு, கில்லெஸ்பி சில இடங்களில் ட்ரம்பெட்டின் வாயில் மியூட் என்னும் ஒலியடக்கியைச் சொருகி வாசிக்கிறார். அப்போது ஒலி மெலிந்து, வண்டு ரீங்கரிப்பதுபோல் ஆகிவிடும். ஆரவாரமான ட்ரம்பெட்டை எதிர்பார்த்தவர்கள் அந்த இடங்களில் அது வேறு ஏதோ கருவி என்றே எண்ணிவிடுகிறார்கள்.

மணிபோல் விரிந்த முன்வாய் மேல்நோக்கி வளைந்திருக்கும் ட்ரம்பெட்டோடு, கன்னங்கள் பலூனாக உப்பியிருக்கும் கில்லெஸ்பியின் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவு 1953 ஜனவரியில் ஒரு விருந்தில் யாரோ ட்ரம்பெட்டின்மேல் விழுந்ததால் ஏற்பட்டது. அவருக்கு அந்த ஒலி பிடித்துப்போய் அப்படியே செய்யச் சொல்லி வாங்கிக்கொண்டார். இந்தத் தட்டில் ஒலிப்பது அதற்கு முந்தைய நேரான ட்ரம்பெட்.

படி 4: கணக்கைக் கையில் பிடித்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கர்னாடக இசைக் கச்சேரியில் தாளம் போடத் தெரியாமலே ரசிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் தாளம் தெரிந்தவர் ரசிப்பது வேறு. பீபாபில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல், ஏனென்றால் இங்கே கலைஞர்கள் சொல்கிற நகைச்சுவை எல்லாம் கணக்கின்மேல்தான் நடக்கிறது.

‘மோஹாக்’, ‘ப்ளூம்டிடோ’ இரண்டும் ப்ளூஸ் வடிவம், இரண்டுக்கும் சுருதி பி-பிளாட். ப்ளூஸ் என்பது பன்னிரண்டு பார் கொண்ட சுற்று. ஒவ்வொரு பாரிலும் நான்கு எண்ணிக்கை. இந்தச் சுற்றுக்குக் கோரஸ் என்று பெயர். மெட்டு முடிந்தபிறகும் சுற்று நிற்பதில்லை. தனி வாசிப்புகள் எல்லாம் அதே பன்னிரண்டு பாரின்மேல் திரும்பத் திரும்ப ஓடுகின்றன.

இதை எண்ண நம்மிடம் பழைய கருவி ஒன்று இருக்கிறது: விரல் கணு. கட்டைவிரலை விட்டுவிட்டால் நான்கு விரல்கள், விரலுக்கு மூன்று கணு, ஆகப் பன்னிரண்டு. வழக்கமாக நாம் ஒவ்வொரு விரலாக மேலிருந்து கீழே எண்ணுவோம். இங்கே அப்படிச் செய்யாதீர்கள். நான்கு விரல்களின் மேல்கணுக்களைக் குறுக்காகத் தொட்டுக்கொண்டு போங்கள்: ஆட்காட்டி, நடு, மோதிரம், சுண்டு. இது முதல் நான்கு பார். பிறகு நடுக்கணுக்களை அதேபோல் குறுக்காக, ஐந்து முதல் எட்டு. பிறகு அடிக்கணுக்கள், ஒன்பது முதல் பன்னிரண்டு. ஒவ்வொரு கணுவிலும் கட்டைவிரலை வைத்தபடியே நான்கு எண்ணுங்கள். ப்ளூஸ் பாட்டின் மூன்று வரிகளும் இந்த மூன்று கணு வரிசைகளில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

இப்போது சாக்ஸபோனையும் ட்ரம்பெட்டையும் மறந்துவிட்டு ‘மோஹாக்’கை ஓடவிட்டு, கர்லி ரஸ்ஸலின் பேஸை மட்டும் கேளுங்கள். எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம் என்று அவர் நடந்துகொண்டே இருப்பார். மேல்கணு வரிசையில் ஆதாரம் ஸட்ஜத்தில் நிற்கும். நடுக்கணு வரிசை தொடங்கும்போது, அதாவது ஐந்தாவது பாரில், தரை சற்று நகர்ந்ததுபோல் இருக்கும். ஆதாரம் மத்யமத்துக்குப் போயிருக்கிறது. அடிக்கணு வரிசையில் ரிஷபம், பஞ்சமம் என்று வந்து மறுபடி ஸட்ஜத்தில் வீடு சேரும். அந்த ஐந்தாவது பாரின் நகர்வு காதில் விழத் தொடங்கிவிட்டால் பிறகு நீங்கள் வழி தவறவே மாட்டீர்கள். இடையில் எண்ணிக்கை பிசகினால்கூட, அடுத்த மத்யமம் வரும்வரை காத்திருந்து நடுக்கணுவில் ஏறிக்கொள்ளலாம்.

எனக்கு இது வசப்பட இரண்டு மாலைப் பொழுதுகள் பிடித்தன. முதல் மாலையில் ஒவ்வொரு முறையும் பார்க்கர் நுழைந்ததும் கட்டைவிரல் நின்றுபோய்விடும்.

படி 5: ‘மோஹாக்’, பிறகு ‘ப்ளூம்டிடோ’

‘மோஹாக்’ நிதானமான நடை. தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து வாசிக்கும் மெட்டை ஒரு பொருளாக மட்டும் கேளுங்கள். இரண்டு கருவிகளும் ஒரே ஸ்வரங்களை ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. இணை ஸ்வரம் எதுவுமில்லை. இரட்டை நாகஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இன்பம் புதிதன்று. ஆனால் அங்கே இருப்பவை ஒரே ஜாதிக் கருவிகள். இங்கே ஒன்று சீவாளி, ஒன்று உதடு. மூச்சு எடுக்கும் விதம் வேறு, ஸ்வரத்தை விடும் விதம் வேறு. அப்படியிருந்தும் சொற்களின் முடிவுகள் ஒன்றாக விழுகின்றன. எந்த ஸ்வரத்தை அழுத்துவது, எதை விழுங்கிவிடுவது என்பதில்கூட இருவருக்கும் ஒரே எண்ணம். எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிப்பதால் மட்டும் இது வருவதில்லை.

மெட்டு முடிந்து பார்க்கர் தனியே வாசிக்கும்போது கணுக்களை விடாதீர்கள். அவருடைய வாக்கியங்கள் கணு வரிசைக்குள் அடங்குவதில்லை என்பதைக் கவனிப்பீர்கள். நாலாவது பாரில் முடியவேண்டிய வாக்கியம் ஐந்தாவதுக்குள் கசியும். சில சமயம் மூன்றாவது பாரின் நடுவிலேயே அடுத்த வரிக்கான பேச்சு தொடங்கிவிடும். இருந்தும் மத்யமத்துக்கு நகரும் இடத்தில் அவர் வாசிக்கும் ஸ்வரம் அந்த நகர்வைச் சொல்லாமல் விடாது. சுதந்திரமாகத் திரிவதுபோல் தோன்றும்போதும் தான் நிற்கும் கணு எது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

‘ப்ளூம்டிடோ’ அதே வடிவம், அதே சுருதி, வேகம் மட்டும் வெகுவாகக் கூடியது. கணுவுக்கு நான்கு என்று எண்ண நேரமிருக்காது. பாருக்கு ஒரு தொடுகை போதும். பார்க்கர் முதலில், கில்லெஸ்பி அடுத்து, மங்க் பிறகு என்ற வரிசையில் தனி வாசிப்புகள் வரும். ஒவ்வொருவரும் எத்தனை கோரஸ் எடுத்துக்கொள்கிறார் என்பதை மறு கையில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணும் வேலை சலிப்பாகத் தோன்றலாம். ஆனால் பார்க்கர் முடிக்கும் இடத்திலிருந்து கில்லெஸ்பி எப்படி எழுகிறார் என்பதைக் கேட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கோரஸின் எல்லை தெரிந்தால்தான் அந்தக் கைமாற்றம் தெரியும்.

படி 6: முப்பத்திரண்டு பாரும் ஒரு பழைய தந்திரமும்

‘ஆன் ஆஸ்கர் ஃபார் ட்ரெட்வெல்’ பெயரைக் கேட்டு ஹாலிவுட் விருது என்று நினைக்கவேண்டாம். ஆஸ்கர் ட்ரெட்வெல் என்ற வானொலி அறிவிப்பாளரின் பெயரை வைத்து விளையாடிய தலைப்பு அது. இதன் வடிவம் முப்பத்திரண்டு பார், எட்டு எட்டாக நான்கு பகுதி. முதல் இரண்டு பகுதியும் கடைசிப் பகுதியும் ஒன்றுபோல, மூன்றாவது மட்டும் வேறு.

இந்த வடிவத்தின் ஸ்வரக்கட்டு ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘ஐ காட் ரிதம்’ என்ற 1930ஆம் வருடப் பாட்டிலிருந்து வந்தது. பீபாப் கலைஞர்கள் பிரபலமான பாட்டின் கார்டு (ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கட்டு) வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் முற்றிலும் புதிய மெட்டைக் கட்டினார்கள். காப்புரிமை மெட்டுக்குத்தான் உண்டு, கார்டு வரிசைக்கு இல்லை. ஆகவே பழைய பாட்டின் உரிமையாளருக்குப் பணம் போகாமல் புதிய மெட்டு எழுதியவருக்கே வரும். கலை நோக்கமும் காசு நோக்கமும் இவ்வளவு சுமுகமாக ஒத்துப்போன இடங்கள் குறைவு. ‘ரிலாக்சின் வித் லீ’யும் இதே தந்திரம்தான், அதன் அடியில் இருப்பது ‘ஸ்டாம்பின் அட் த சவாய்’ என்ற ஸ்விங் காலப் பாட்டு. மூலப் பாட்டை ஒருமுறை முணுமுணுத்துவிட்டு இதைக் கேட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதை உணரலாம்.

எட்டு பாரை எண்ண ஆதி தாளமே போதும். ஒரு கிரியைக்கு, அதாவது ஒரு கையசைவுக்கு, ஒரு பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவர்த்தனம் ஒரு பகுதி. நான்கு ஆவர்த்தனம் ஒரு கோரஸ். மூன்றாவது ஆவர்த்தனத்தில் நிறம் மாறும், நாலாவதில் திரும்பி வரும்.

படி 7: ‘லீப் ஃப்ராக்’

பச்சைக்குதிரை தாண்டும் விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்தான் தலைப்பு. ஒருவர் குனிய மற்றவர் தாண்ட, தாண்டியவர் குனிய முன்னவர் தாண்ட என்று போகும் ஆட்டம். இந்த இரண்டரை நிமிட உருப்படியின் உயிர், இருவரும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிப்பதில் இருக்கிறது.

இங்கே ஆதி தாளம் மறுபடி கைகொடுக்கும். லகுவில் நான்கு கிரியை, இரண்டு திருதங்களில் நான்கு. பரிமாற்றம் தொடங்கியதும் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் ஒருவர் லகுவில் பேச, மற்றவர் திருதங்களில் பதில் சொல்வதாக அமையும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் இடம் நினைவுக்கு வரும். அங்கே எதிராளி வாசித்ததைத் திருப்பிச் சொல்வதும், பிறகு அதைக் குறைத்துக்கொண்டே வருவதும் மரபு. இங்கே கால அளவு குறைவதில்லை. நான்கு பார் நான்கு பாராகவே நிற்கிறது. மாறுவது பேச்சின் தொனி.

மூன்று முறை கேளுங்கள். முதல் முறை பார்க்கரை மட்டும். இரண்டாம் முறை கில்லெஸ்பியை மட்டும். மூன்றாம் முறை இருவரையும் விட்டுவிட்டு, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் விளிம்பை மட்டும். அந்த விளிம்பில் எவ்வளவு இடைவெளி விழுகிறது? சில இடங்களில் இல்லவே இல்லை, ஒருவரின் கடைசி ஸ்வரத்தின் வாலை மற்றவர் பிடித்துக்கொண்டே நுழைகிறார். சில இடங்களில் ஒரு கணம் காத்திருந்து நுழைகிறார். அந்தக் கணம் ஒரு பதில்தான்.

பட்டி ரிச்சைப் பற்றி இங்கேதான் பேசவேண்டும். அவர் ஸ்விங் பெருங்குழுக்களில் வளர்ந்தவர். பீபாப் ட்ரம்ஸ் வாசிப்பு வேறு வழியில் வந்தது: கென்னி கிளார்க் காலக்கணக்கைச் சிம்பலுக்கு மாற்றி, காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மை எதிர்பாராத இடங்களில் குண்டு போடுவதற்கு ஒதுக்கினார், மாக்ஸ் ரோச், ராய் ஹேன்ஸ் போன்றவர்கள் அதை வளர்த்தார்கள். அவர்களில் ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது இந்தத் தட்டின்மேல் ஆண்டாண்டு காலமாகச் சொல்லப்படும் குறை. குறை நியாயமானதுதான். நடுத்தர வேக உருப்படிகளில் ரிச்சின் கை சற்று இறுக்கமாக விழுகிறது. மங்க் வலைபோல் இடைவெளி விட்டு வாசிக்க, ரிச் அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறார். ஆனால் ‘லீப் ஃப்ராக்’கில் கதை மாறுகிறது. இந்த வேகத்தில் நொடிகூடத் தளராத கை அவருடையது. பின்னால் இப்படி ஒரு நேர்கோடு ஓடுவதால்தான் முன்னால் இருவரின் வளைவுகள் இவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன. நுணுக்கமான பீபாப் ட்ரம்ஸ் இருந்திருந்தால் இது மூவர் உரையாடலாகியிருக்கும். இருவர் பேச்சைக் கேட்க வந்த எனக்கு இதில் வருத்தம் இல்லை.

படி 8: ஒதுக்கிவைத்த டேக்குகள்

இப்போது நீளமான பதிப்புக்குத் திரும்புங்கள். ‘லீப் ஃப்ராக்’கின் எல்லா டேக்குகளையும் வரிசையாகக் கேளுங்கள். சில டேக்குகள் சில நொடிகளிலேயே முறிந்துவிடும். முழுதாக ஓடியவற்றில் ஒரே இடத்தை, அதாவது பரிமாற்றத்தின் முதல் இரண்டு மூன்று கைமாற்றங்களை மட்டும் ஒப்பிடுங்கள். கார்டு அதே, வேகம் ஏறக்குறைய அதே, ஆட்கள் அதே. பேச்சு ஒவ்வொரு முறையும் வேறு. வெளியீட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது எப்போதும் சிறந்த தனி வாசிப்பு உள்ள டேக் அல்ல என்பதும் புலப்படும். பீபாப் தட்டுகளில் பொதுவாக மெட்டு சுத்தமாக விழுந்த டேக்கே வெளியே போகும். ‘மோஹாக்’கின் மாற்று டேக்கையும் இதேபோல் கேட்கலாம்.

படி 9: மங்கும் மெலன்கலி பேபியும்

பார்க்கரும் மங்கும் சேர்ந்து ஸ்டூடியோவில் வாசித்தது இந்த ஒரு நாள் மட்டும்தான். அதற்காகவே இந்தத் தட்டைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மங்கின் பக்கவாத்தியம் உபசரிப்பு அல்ல. எதிர்பாராத இடத்தில் ஒரு கார்டைப் போட்டுவிட்டு மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்துக்குள் ஊதுபவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதுபோல் இருக்கும்.

1912இல் வந்த பழைய காதல் பாட்டான ‘மை மெலன்கலி பேபி’ மட்டுமே இந்தத் தட்டில் இவர்கள் சொந்த மெட்டு இல்லாதது. மங்க் தனியே தொடங்கிவைக்கும் சில நொடிகளைக் கேளுங்கள். பியானோப் பாடம் சொல்லிக்கொள்ளும் பிள்ளையின் கை தவறிவிட்டதோ என்று தோன்றும், தவறவில்லை. அதன்பின் பார்க்கர் அந்தப் பாட்டை முழு மரியாதையோடு எடுத்து வாசிப்பது இன்னும் வேடிக்கையாகிறது. இந்த உருப்படியை நான் அடிக்கடி கேட்பதில்லை. கேட்கும்போதெல்லாம் தொடக்கத்துக்காகவே கேட்கிறேன்.

படி 10: இங்கிருந்து எங்கே போவது

முதலாவது, 1953 மே 15ஆம் தேதி கனடாவின் டொராண்டோவில் மாஸி ஹாலில் நடந்த கச்சேரிப் பதிவு. பார்க்கர், கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மாக்ஸ் ரோச். அன்றிரவு ராக்கி மார்சியானோவின் குத்துச்சண்டை இருந்ததால் அரங்கம் நிரம்பவில்லை. பார்க்கர் வாசித்தது கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் சாக்ஸபோன். அவருக்கு வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் தட்டில் ‘சார்லி சான்’ என்ற பெயரில்தான் அவர் இடம்பெற்றார். ட்ரம்ஸில் ரோச் இருந்தால் என்ன வேறுபாடு என்று படி 7இல் எழுந்த கேள்விக்கு இங்கே நேரடியாகப் பதில் கிடைக்கும்.

இரண்டாவது, 1952 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இருவரும் ‘ஹாட் ஹவுஸ்’ வாசித்த படச்சுருள். பார்க்கர் நேரடியாக வாசிப்பதைக் காட்சியும் ஒலியுமாகக் காட்டும் மிக அரிய பதிவு அது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. பார்க்கரின் விரல்கள் சாவிகளைவிட்டு எழுவதே தெரியாது. கண்கள் மட்டும் நகரும். இதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1955 மார்ச் 12ஆம் தேதி, முப்பத்துநான்கு வயதில் அவர் இறந்தார். கில்லெஸ்பி 1993வரை வாழ்ந்தார்.

மூன்றாவது, 2015இல் வந்த ‘பேர்ட் கால்ஸ்’. கர்நாடகத்தைப் பூர்விகமாகக் கொண்ட அமெரிக்க ஆல்டோ கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா பார்க்கருக்காகவே உருவாக்கிய தட்டு இது. கத்ரி கோபால்நாத்தோடு ‘கின்ஸ்மென்’ என்ற தட்டை 2008இல் வெளியிட்டவரும் இவரே. பார்க்கரின் மெட்டுகளையும் தனி வாசிப்புகளையும் துண்டு துண்டாக்கி, அவற்றிலிருந்து புதிய உருப்படிகளைச் செய்திருக்கிறார். உடன் வாசிக்கும் ட்ரம்பெட் கலைஞர் ஆடம் ஓஃபாரில். அவருடைய தாத்தா சீகோ ஓஃபாரில் எழுதிய ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ் தொகுப்பில் 1950 டிசம்பரில் பார்க்கர் வாசித்தார். அன்றும் ட்ரம்ஸில் பட்டி ரிச், தயாரிப்பு நார்மன் கிரான்ஸ். இந்த மூவரும் ‘லீப் ஃப்ராக்’ பதிவுக்குக் கூடி அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.